அன்பையும் பாசத்தையும் முன்னிட்டு

கோகிலவாணிக்கும் மாதேஸ்வரனுக்கும் கல்யாணமான நாளிலிருந்து ஒரே ஒரு விஷயத்தில்தான் முழு ஒற்றுமை ஏற்பட்டது. பிரிந்துவிடலாம் என்ற விஷயத்தில். காலண்டரை எந்தச் சுவரில் மாட்டுவது என்று வருஷக்கணக்காகச் சண்டை போட்டு, கடைசியில் ஆளுக்கொரு காலண்டர் மாட்டிக்கொண்ட தம்பதி அது. பிரிவதைப் பேசி முடிக்க ஒரு தம்ளர் காபி ஆறும் நேரம்தான் ஆனது.

காரணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கோகிலவாணி மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி வைத்திருந்தாள். மாதேஸ்வரன் அவளுக்குக் குட்டியானை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் ஒகேனக்கல்லுக்கு லோடு ஏற்றிப் போனவன், ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தி, வறுத்த மீன் தின்று, கண்ணயர்ந்து எழுந்து, இனி இங்கேதான் என்று முடிவு செய்துவிட்டான். இப்போது அங்கே மீன் கடை போட்டிருக்கிறான். அருவிச் சத்தத்தில்தான் தூக்கம் வருகிறது என்றான் அவன். மண்டிச் சத்தத்தில்தான் சோறு இறங்குகிறது என்றாள் இவள். கோயமுத்தூர் ஹாஸ்டலில் இருக்கும் மகள் காவியா, "ரெண்டு பேரும் நல்லபடியா பிரிங்க, பரீட்சை முடிஞ்சதும் வந்து பாக்கறேன்" என்று போனில் வாழ்த்திவிட்டாள்.

மிச்சம் இருந்தது வீடு.

பாலக்கோடு ரோட்டின்மேல் இருந்த அந்த வீட்டின் ஒவ்வொரு செங்கல்லும் தக்காளிக் கமிஷனில் வந்தது. மனை வாங்கிய அன்று மாதேஸ்வரனின் அண்ணன் ராஜப்பன் வந்து, "பொம்பள பேருல எழுதினா ஊருல தம்பிக்கு மருவாதி இருக்காது" என்றார். மாதேஸ்வரன் தலையாட்டினான். அவன் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற ஜாதி. பத்திரம் அவன் பேரில் ஆனது. இப்போது கோகிலவாணி, "வூட்ட எம்பேருக்கு மாத்திக் குடுத்துட்டுப் போங்க" என்று கேட்டபோதும் தலையாட்டினான். அதுதான் அவளுக்குப் பயம். இன்று தனக்கு ஆடுகிற தலை, நாளைக்கு அண்ணன் கேட்டால் அவருக்கும் ஆடும். ராஜப்பன் கேட்க ஆரம்பித்துவிட்டார் என்று ஊரில் பேச்சு.

வக்கீல் தெளிவாகச் சொல்லிவிட்டார். "தீர்ப்பு வர்றதுக்குள்ள எழுதிக்கோங்கம்மா. இப்ப நீங்க குடும்பம். குடும்பத்துக்குள்ள செட்டில்மென்ட்டுன்னா முத்திரைத்தாள் செலவு தாங்கும். தீர்ப்பு வந்துட்டா அவரு வேத்தாளு. வேத்தாளுகிட்ட வாங்கினா கிரையம். அந்தச் செலவுக்கு இன்னொரு வூடு கட்டணும்."

எனவே கூட்டம் இருக்காது என்று கணக்குப்போட்டு, ஒரு அஷ்டமியாகப் பார்த்து இருவரும் பத்திரம் எழுதப் போனார்கள்.

எந்த ஊர் சார்பதிவாளர் அலுவலகம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் அலுவலகத்தை விட்டுவிட்டதாக மனம் நொந்துபோவார்கள்.

அலுவலகத்துக்கு எதிரே தகரக் கொட்டகையில் ஆவண எழுத்தர் பச்சியப்பன் உட்கார்ந்திருந்தார். முதலில் கையால் எழுதினார், அப்புறம் தட்டச்சு, இப்போது கம்ப்யூட்டர். மூன்று யுகங்களிலும் வாசகம் மாறவில்லை. பேரையும் நாலு எல்லையையும் மட்டும் மாற்றிவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்துக் காட்டினார்.

"'நீ என்னுடைய மனைவியானபடியாலும், உன்பேரில் எனக்குள்ள அளவற்ற அன்பையும் பாசத்தையும் முன்னிட்டும், கீழ்க்கண்ட சொத்தை இன்று உனக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்து சுவாதீனமும் ஒப்படைத்துவிட்டேன்.' சரிங்களா?"

"அன்பு, பாசமெல்லாம் எதுக்குங்கண்ணா? நாங்க டைவர்ஸ் பண்றோம்" என்றாள் கோகிலவாணி.

"அது பாட்டுக்குக் கெடக்கட்டும்மா. தாளிச்ச கறிவேப்பிலை மாதிரி. போடணும், யாரும் திங்க வேண்டியதில்ல."

"எடுத்துட்டா?"

"எடுத்துட்டா உள்ளாற சார் கேப்பாரு. அன்பில்லாத செட்டில்மென்ட்ட எங்கப்பா காலத்துலயே நாங்க எழுதுனதில்ல." பச்சியப்பன் கொஞ்சம் யோசித்தார். "உங்களுக்காக வேணும்னா 'அளவற்ற'ங்கறத எடுத்துடறன்."

மாதேஸ்வரன் தலையாட்டினான். அளவான அன்போடு மூவரும் ரோட்டைக் கடந்து உள்ளே போனார்கள்.

சார்பதிவாளர் இளம்பரிதி முன்பெல்லாம் உயரமான மேடையில், சுற்றிலும் மரத்தடுப்பு போட்டு உட்கார்ந்திருந்தவர். மேடை கூடாது, தடுப்பு கூடாது, மக்களோடு சமமாக உட்காரவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. தச்சர் வந்து இரண்டையும் பெயர்த்து எடுத்துப்போனார். நாற்காலி தரைக்கு இறங்கியது. இளம்பரிதி மட்டும் பழைய உயரத்திலேயே இருந்தார்.

அன்று அஷ்டமியாதலால் அலுவலகத்தில் ஈ ஓட்ட ஆள் இல்லை. இளம்பரிதி பத்திரத்தை எழுத்துக்கூட்டாத குறையாக முழுசும் படித்தார்.

"சொத்த எழுதிக் குடுக்கறது யாரு?"

"நானுங்க சார். மாதேஸ்வரன்."

"வாங்கிக்கறவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"என் சம்சாரங்க. இப்போதைக்கு."

இளம்பரிதி நிமிர்ந்தார். "இப்போதைக்குன்னா?"

"டைவர்ஸ் போட்டிருக்குதுங்க."

"இங்க அன்பையும் பாசத்தையும் முன்னிட்டுன்னு எழுதியிருக்கீங்களே?"

"அது பச்சியப்பண்ணன் எழுதுனதுங்க."

மாதேஸ்வரனிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் இது. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவான். பச்சியப்பன் கூரையைப் பார்த்தார். இளம்பரிதி மெல்ல எழுந்து நின்றார். மேடை இருந்திருந்தால் பார்க்க இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

"மிஸ்டர் மாதேஸ்வரன், இந்த நாற்காலிக்கு முன்னால வந்து போன அன்பு எப்பேர்ப்பட்ட அன்புன்னு உங்களுக்குத் தெரியாது. போன மாசம் ஒருத்தர் ஜப்தி நோட்டீச சட்டைப் பையில வெச்சுக்கிட்டு, அழுதுகிட்டே மொத்தத் தோட்டத்தையும் பொண்டாட்டி பேருக்கு எழுதினாரு. அதுக்குப் பேரு அன்பு. ஒரு அதிகாரி, பேரு சொல்லமாட்டேன், ரெய்டு வருதுன்னு தெரிஞ்ச அன்னைக்குக் காலையில மாமியார் பேருக்கு வரிசையா மனை எழுதினாரு. மாமியார்மேல அவ்வளவு பாசம் வெச்ச மருமகன நான் சர்வீஸ்ல பாத்ததில்ல. அப்படிப்பட்டவங்க அன்பு பதிவான புத்தகத்துல, அன்பே இல்லாத உங்க பத்திரத்தயும் சேத்துப் பதிஞ்சா அவங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

கோகிலவாணி பொறுமையாகத்தான் கேட்டாள். "சார், வூடு நான் கட்டுனது. குடுக்கறேன்னு அவரு சொல்றாரு. வாங்கிக்கறேன்னு நான் சொல்றேன். நடுவுல அன்பு எங்கிருந்து வந்துச்சு?"

"கட்டுனது யாருன்னு கேக்கறதுக்கு எங்ககிட்ட கட்டம் இல்லம்மா. அன்புக்கு வாசகம் இருக்குது."

அவர் ஒரு துண்டுச் சீட்டு எழுதி வட்ட முத்திரை குத்திக் கொடுத்தார். 'தரப்பினரிடையே அன்பு, பாசம் ஆகியவை உள்ளமைக்கு ஆதாரம் இல்லாததால் ஆவணம் திருப்பப்படுகிறது.'

"ஆதாரத்துக்கு நாங்க எங்க போறது?"

"கிராம நிர்வாக அலுவலர்கிட்ட சான்று வாங்கிட்டு வாங்க."

கிராம நிர்வாக அலுவலர் அருள்குமார் இளவட்டம். கோகிலவாணி சொன்னதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து பொறுப்பாகத் தேடினான்.

"சாதி இருக்குது, வருமானம் இருக்குது, வாரிசு இருக்குது. கைவிடப்பட்ட பெண்ணுக்குச் சான்று இருக்குதுக்கா. கைவிடப்படாத பெண்ணுக்கு ஒண்ணும் காணோம். கையாலதான் எழுதித் தரணும். அதுக்குக் கள ஆய்வு பண்ணணும். அவரு அந்த நேரத்துல வூட்டுல இருக்கணும்."

கள ஆய்வுக்காக மாதேஸ்வரன் ஒகேனக்கல்லிலிருந்து பஸ் ஏறி, கையில் மீன் வறுவல் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தான். தன் பேரில் இருக்கிற வீட்டின் கூடத்தில், செருப்பை எங்கே விடுவது என்று தெரியாத விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். அருள்குமார் தலையாரியுடன் வந்து, வாசலில் கிடந்த செருப்புகளையும் கொடியில் காய்ந்த துணிகளையும் பார்த்துக் குறித்துக்கொண்டான். சுவரில் இருந்த இரண்டு காலண்டரையும் பார்த்து, "இது எதுல சேரும்?" என்று தலையாரியைக் கேட்டான். தலையாரி, "தேதி ரெண்டுலயும் ஒண்ணாத்தான் சார் இருக்குது" என்றார்.

அந்த நேரத்துக்கு ராஜப்பன் வண்டியில் வந்து இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்று சொன்னார்.

"சார், இவங்களுக்குள்ள அன்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எழுதிக்கோங்க. வூடு எங்க குடும்பத்துச் சொத்து. தம்பி எனக்குத்தான் எழுதித் தர்றேன்னிருக்கான். ஏன்டா, சொன்னியா இல்லியா?"

மாதேஸ்வரன் தலையாட்டினான்.

கோகிலவாணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எனக்கு எழுதித் தர்றேன்னும் சொன்னீங்க இல்ல?"

அதற்கும் தலை ஆடியது.

"நல்லாருக்குது" என்றாள். "வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் ஆட்டுங்க. போஸ்ட்மேன் வந்தா அவருக்கும் ஒரு ரூம எழுதிக் குடுங்க."

அக்கம்பக்கத்து விசாரணைக்காகப் பக்கத்து வீட்டுச் சின்னம்மாள் அழைக்கப்பட்டாள். அரசாங்கமே வந்து தன் அபிப்பிராயத்தைக் கேட்கும் என்று அவள் எதிர்பார்த்ததில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தாள்.

"சண்டைன்னா சண்டை, அப்பிடி ஒரு சண்டைங்க சார். சட்டி வெளிய வந்து விழும். ஆனா ராத்திரிக்கு இவரு சாப்புடாம படுத்தா கோகிலாக்கா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகிட்டே கெடக்கும். இவரு ஆத்துக்குப் போனதுலேருந்து எங்க தெருவே செத்துக் கெடக்குதுங்க."

அருள்குமார் பேனாவைக் கடித்தான். "சண்டை போடணும்னா அக்கறை இருக்கணும். அக்கறை எதுல வரும்?"

"பாசத்துல சேத்துக்கலாம் சார்" என்றார் அனுபவஸ்தரான தலையாரி. "அன்புதான் கொஞ்சம் சந்தேகம்."

சான்று தயாரானது. 'மேற்படி தம்பதியரிடையே பாசம் உள்ளது. அன்பு விசாரணையில் உள்ளது.'

இதற்கிடையில் கோர்ட்டில் வாய்தா வந்தது. தீர்ப்புக்கு முன்னால் ஆலோசகரைப் பார்க்கவேண்டும் என்றார்கள். தெரசா என்று பேர். அன்பான பெண்மணி. தம்பதிகளைச் சேர்த்துவைப்பதுதான் தன் கடமை என்று ஆரம்பித்து, சேரவே மாட்டார்கள் என்று தனக்குத் திருப்தி ஏற்பட்டால் ஒழியப் பிரிய விடமுடியாது என்று முடித்தார்.

"அவருக்கு என்ன புடிக்கும்னு சொல்லுங்க பாக்கலாம்" என்றார் கோகிலவாணியிடம்.

"மீன் கொழம்புல புளி கம்மியா இருக்கணும். சோறு கொழையக் கூடாது."

தெரசாவின் முகம் வாடியது. "இதெல்லாம் ஞாபகம் வெச்சிருக்கீங்களேம்மா. இத எப்படி நான் பிரிச்சு அனுப்பறது? பாருங்க, எங்களுக்கு வெறுப்பு தெளிவா இருக்கணும். போன வாரம் ஒரு ஜோடி இங்கயே செருப்பக் கழட்டிக்கிட்டாங்க. வேலை சுலபமா முடிஞ்சுது. உங்கள மாதிரி மரியாதையா பேசிக்கறவங்களாலதான் எங்களுக்குக் கேசு தேங்குது. அன்பு இல்லைங்கறதுக்கு ஏதாவது ஆதாரம் வெச்சிருக்கீங்களா?"

கோகிலவாணி கைப்பையைத் திறந்தாள். சார்பதிவாளர் கொடுத்த சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

தெரசா அதைப் படித்தார். வட்ட முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். "அடடா, கவர்மெண்டே எழுதிக் குடுத்திருக்கா. இத முன்னாடியே காட்டியிருக்கலாமே. உங்கள மாதிரி முறையா ஆதாரத்தோட வந்த தம்பதி இதுவரைக்கும் யாரும் இல்ல. அடுத்த வாய்தாவுல தீர்ப்பு ஆயிடும்."

மாதேஸ்வரனின் கை சட்டைப் பையை நோக்கிப் போனது. பாசம் உள்ளது என்ற கிராம நிர்வாக அலுவலர் சான்று அதில்தான் இருந்தது. கேட்டால் உண்மையைச் சொல்கிறவன், சில சமயம் கேட்காமலும் சொல்லிவிடுவான். கோகிலவாணி மேஜைக்கு அடியில் அவன் காலை ஓங்கி மிதித்தாள்.

தெரசா குனிந்து பார்த்தார். "காலை மிதிக்கறாங்க. இதையும் சேத்து எழுதிக்கறேன்" என்றார் சந்தோஷமாக.

வெளியே வந்ததும் மாதேஸ்வரன் நொண்டிக்கொண்டே, "அந்தம்மா நல்லவங்களா இருக்காங்க" என்றான்.

"எல்லாரும் நல்லவங்கதான். தீர்ப்பு வர்றதுக்குள்ள வூடு எம்பேருக்கு வரலைன்னா நான் மண்டியில தக்காளிப் பெட்டிமேல படுக்கணும். அது தெரியுதா?"

அவன் தலையாட்டினான். அப்புறம் கொஞ்ச தூரம் நடந்து, "அண்ணனும் பத்திரத்துக்கு டோக்கன் போட்டிருக்குது, முகூர்த்தத்தன்னைக்கு" என்றான்.

"உங்க அண்ணனுக்கு நீங்க ஒத்துக்கிட்டீங்களா?"

தலை மட்டும் ஆடியது.

கோகிலவாணி நடுரோட்டில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துப் பார்த்து, அவள் முகத்தைக் கண்டதும் சுற்றிக்கொண்டு போனான். அவளும் அதே முகூர்த்த நாளில்தான் டோக்கன் போட்டிருந்தாள்.

முகூர்த்த நாள் என்றால் பத்திரப்பதிவில் திருவிழா. கூடுதல் டோக்கன் விடுவார்கள். கூடம் முழுக்கப் பட்டுச் சேலையும் வெள்ளை வேட்டியுமாக நெரிந்தது. பச்சியப்பன் இரண்டு கையிலும் பத்திரங்களோடு ஓடிக்கொண்டிருந்தார். ஒரு கையில் கோகிலவாணியின் பத்திரம். இன்னொரு கையில் ராஜப்பனுடையது. 'நீ என்னுடைய உடன்பிறந்த அண்ணனானபடியாலும், உன்பேரில் எனக்குள்ள அளவற்ற அன்பையும் பாசத்தையும் முன்னிட்டும்' என்று அதில் அளவு குறையாமல் இருந்தது. ராஜப்பன் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் மாதேஸ்வரன், இரண்டு பத்திரத்துக்கும் எழுதிக்கொடுப்பவராக, ஒரே சட்டையில்.

முதலில் கோகிலவாணியின் டோக்கன் வந்தது. இளம்பரிதி சான்றை வாங்கிப் பார்த்தார்.

"பாசம் இருக்குது. சரி. அன்பு விசாரணையில இருக்குதே? விசாரணை முடிஞ்சதும் வாங்க."

"அது எப்ப சார் முடியும்?"

"அன்பு எப்ப வரும்னு நான் எப்படிம்மா சொல்றது? அடுத்த டோக்கன்."

ராஜப்பன் காலை மாற்றிப் போட்டுக்கொண்டார். பச்சியப்பன் அவருடைய பத்திரத்தை மேலே எடுத்து வைத்தார். நாலைந்து டோக்கனுக்கு அப்புறம் அது.

கோகிலவாணி நகரவில்லை. கூரை மூலையில் சிவப்புப் புள்ளி எரிய ஒரு கேமரா இருந்தது. அவள் நேராக அதற்குக் கீழே போய் நின்றாள். காலையில் ஏலம் விட்டுப் பழகிய குரல். கூடத்தின் கடைசிச் சுவர்வரை போனது.

"சார் சொல்றது சரி. அன்பில்லாத பத்திரம் இங்க பதிவாகக் கூடாது. நான் ஒத்துக்கறேன். எங்களக் கேட்ட கேள்விய எல்லாரையும் கேளுங்க சார். கேமராவுல பதியுது. மேல இருக்கறவங்க பாக்கட்டும்."

இளம்பரிதி கேமராவைப் பார்த்தார். கேமரா அவரைப் பார்த்தது. "இந்த அலுவலகத்தில் அனைவரும் சமம்" என்றார், கேமராவுக்கு உரிய தமிழில்.

கோகிலவாணி முன் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அடுத்து வந்தவர் ஒரு பெரியவர். மகனுக்குத் தோட்டம் எழுதிக் கொடுக்க வந்தவர். இளம்பரிதி தொண்டையைச் செருமினார்.

"அன்போடும் பாசத்தோடும்தான் எழுதிக் குடுக்கறீங்களா ஐயா?"

பெரியவர் மகனைப் பார்த்தார். மகன் கேமராவைப் பார்த்தான்.

"அன்புங்களா?" என்றார் பெரியவர். "கெழவிக்கு ஆப்பரேசன் பண்ணணும்டான்னு கேட்டன் சார். மொதல்ல எழுதி வெய்யி, அப்புறம் ஆஸ்பத்திரின்னான்."

"யோவ், இங்க வந்து என்னா பேசற?" என்றான் மகன்.

"கேட்டாங்க, சொன்னன். இத்தினி நாளா யாரும் கேக்கலியே." பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "சார், நான் இன்னொரு நாளைக்கு வர்றனுங்க. வந்தா வர்றன்." மகன் பின்னாலேயே ஓட, அவர் திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

அடுத்தவர் அரிசி ஆலைக்காரர். மனைவி பேருக்கு ஆலையை எழுதுகிறார். அவரைக் கேட்ட கேள்விக்கு மனைவி முந்திக்கொண்டாள். "அன்பெல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம் சார், பேங்குக்காரங்க கெளம்பிட்டாங்களாம், சீக்கிரம் போடுங்க." போன மாதமாக இருந்தால் இளம்பரிதியின் கண் கலங்கியிருக்கும். இப்போது மேலே சிவப்புப் புள்ளி எரிந்தது. துண்டுச் சீட்டை எடுத்தார்.

மூன்றாவதாக வந்த இரண்டு சகோதரிகள், கேள்வி காதில் விழுந்ததும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். "கேஸ வாபஸ் வாங்கறேன்னு சொன்னதாலதான் எழுதறேன். இல்லைன்னா இவ வாசல்ல மிதிப்பனா?" என்றாள் மூத்தவள். "நீ மிதிச்சா நான் கழுவி விடுவேன்" என்றாள் இளையவள். பேச்சு வளர்ந்து, அம்மா செத்த அன்று தோட்டைக் கழற்றியது யார் என்பதுவரை போயிற்று. இளம்பரிதிக்கு எதில் முத்திரை குத்துவது என்றே தெரியவில்லை.

செய்தி வரிசையின் வால்வரை போனது. உள்ளே அன்பு கேட்கிறார்கள் என்றதும் பட்டுச் சேலைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. சிலர் மரத்தடியில் நின்று, கேட்டால் என்ன சொல்வது என்று தமக்குள் ஒத்திகை பார்த்து, அதிலேயே சண்டை வந்து கலைந்தார்கள். பச்சியப்பன் மற்ற எழுத்தர்களைத் திரட்டிக்கொண்டு கோகிலவாணி முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, எங்க பொழப்புல மண்ணப் போடாதீங்க. அன்பு அது பாட்டுக்கு ரெண்டாம் பக்கத்துல தூங்கிக்கிட்டு கெடந்துச்சு. அத ஏம்மா எழுப்பி விட்டீங்க?"

"நான் எங்கண்ணா எழுப்பினன்? உங்க சார்தான் எழுப்பினாரு. நான் மூஞ்சி கழுவி விட்டேன், அவ்வளவுதான்."

இளம்பரிதியின் மேஜை போன் அடித்தது. மாவட்டத்திலிருந்து. அவர் எழுந்து நின்று பேசினார். "ஆமாங்கய்யா. முகூர்த்தந்தாங்கய்யா. இல்லைங்கய்யா, சர்வர் நல்லாத்தான் இருக்குது. அன்பு... இல்லைங்கய்யா, ஒருத்தருக்கும்... சரிங்கய்யா. வசூல் டார்கெட்டுங்கய்யா. இப்பவே பண்ணிடறேங்கய்யா."

போனை வைத்துவிட்டு, கூடத்தில் மிச்சம் இருந்தவர்களைப் பார்த்து உரையாற்றினார்.

"பொதுமக்களுக்கு ஒரு விளக்கம். அன்பு என்பது சட்டப்படி ஒரு வாசகம். வாசகம் பத்திரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே இந்த அலுவலகத்தின் பணி. அது உள்ளத்தில் இருக்கிறதா என்று விசாரிப்பது எங்கள் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது. இனி யாரிடமும் அந்தக் கேள்வி கேட்கப்படாது."

"அப்ப எங்கள மட்டும் எதுக்கு சார் கேட்டீங்க?" என்றாள் கோகிலவாணி.

இளம்பரிதி குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு அஷ்டமிம்மா. கூட்டம் இல்ல. கேக்கறதுக்கு நேரம் இருந்துச்சு."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். கோகிலவாணி சிரிக்கவில்லை. எழுந்து வந்து மேஜைமேல் தன் பத்திரத்தை வைத்தாள்.

"உள்ளத்துல இருக்குதான்னு பாக்கறது உங்க வேலை இல்ல. ஒத்துக்கறேன். இல்லாதத எழுதி வாங்கறது என் வேலையும் இல்ல. அந்த வரிய எடுத்துடுங்க. நான் கட்டுன வூடு, அதனால குடுக்கறாருன்னு எழுதுங்க."

"அய்யோ, அன்ப எடுத்தா..." என்று இழுத்தார் பச்சியப்பன்.

"எடுத்தா என்னண்ணா, வூடு இடிஞ்சு விழுமா? செங்கல்லு கமிஷன் காசு, அன்பால நிக்கல."

இளம்பரிதி வெளியே எட்டிப் பார்த்தார். கலைந்துபோன கூட்டத்தில் பாதிப்பேர் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். இவள் இந்த இடத்தில் இன்னும் அரை மணி நின்றால் அவர்களும் போய்விடுவார்கள். "சட்டத்துல அன்பு கட்டாயம்னு எங்கயும் இல்லதான்" என்றார் பச்சியப்பனிடம், அதை அப்போதுதான் கண்டுபிடித்தவர் மாதிரி. "அடிச்சுட்டு எழுதுய்யா."

பச்சியப்பன் பேனாவை எடுத்தார். பரம்பரையாக எழுதிவந்த வரியின்மேல் ஒரு கோடு இழுத்தார். மேலே புதிய வாசகம் ஏறியது. முறைப்படி பக்கத்தின் அடியில் அடித்தல் திருத்தல் குறிப்பும் எழுதப்பட்டது. 'இரண்டாம் பக்கத்தில் அன்பு, பாசம் ஆகியவை அடிக்கப்பட்டுள்ளன.' அதற்குப் பக்கத்தில் மாதேஸ்வரன் கையெழுத்துப் போடவேண்டும்.

அவன் பேனாவை வாங்கியபோது ராஜப்பன் பெஞ்சிலிருந்து எழுந்தார். "டேய் மாதேசு. என்னடா பண்ற? எங்கிட்ட என்ன சொன்ன?"

கோகிலவாணி இப்போது காலை மிதிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இளம்பரிதி, சட்டம் உண்மையிலேயே கேட்கச் சொல்கிற ஒரே கேள்வியைக் கேட்டார். "உங்க சம்மதத்தோடதான் எழுதிக் குடுக்கறீங்களா?"

மாதேஸ்வரன் அண்ணனைப் பார்த்தான். பழக்கதோஷத்தில் தலை ஆடப் போனது. கையால் தாடையைப் பிடித்து நிறுத்திக்கொண்டான். அப்புறம் வாயைத் திறந்தான்.

"ஆமாங்க சார். அவ கட்டுன வூடு. நான் வெறுமனே பேரு குடுத்தேன். இத்தினி நாள் எம்பேர வெச்சிருந்ததே தப்புங்க."

கையெழுத்துப் போட்டான். ரேகை வைத்தான். புகைப்படத்துக்கு நின்றபோது, கணினிப் பெண் அவனைக் கொஞ்சம் சிரிக்கச் சொன்னாள். அவன் சிரித்தான்.

நாலைந்து டோக்கன் கடந்தது. இளம்பரிதி யாரையும் அன்பு கேட்கவில்லை. அன்பு மளமளவென்று பதிவாகியது. ராஜப்பனின் டோக்கன் வந்தபோது, எழுதிக் கொடுக்க மாதேஸ்வரனிடம் ஒரு சென்டும் இல்லை என்று கணினி சொல்லிவிட்டது. பச்சியப்பன் அளவற்ற அன்பை மடித்து ராஜப்பன் கையில் கொடுத்தார்.

வாசலில் ராஜப்பன் வழிமறித்து நின்றார். வேட்டி மடிப்பு அவிழ்ந்திருந்தது. "அது எங்க குடும்பத்துச் சொத்தும்மா. ஞாபகம் வெச்சுக்கோ."

"ஆமாங்க மாமா" என்றாள் கோகிலவாணி. பத்திர ரசீதை மடித்துக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். "அடுத்த வாய்தா வரைக்கும் நானும் உங்க குடும்பந்தான். அதுவரைக்கும் எப்ப வேணும்னாலும் உள்ளாற வந்து உக்காந்து காபி குடிங்க. அதுக்கப்புறம் வந்தா, கேட்டுக்கு வெளிய நின்னு கூப்புடுங்க. நான் இருந்தா தொறக்கறேன்."

மண்டிக்கு லோடு வரும் நேரம். அவள் ரோட்டைக் கடந்து, மாரண்டஹள்ளி பஸ்ஸுக்குக் கை நீட்டினாள்.